பாலிபெரிடோன்: தினம் மாத்திரையா, மாசம் ஊசியா?

தம்பிக்கு ஸ்கீசோஅஃபெக்டிவ் டிஸார்டர், அதாவது இல்லாத குரல் கேக்கற மாதிரி மனநோய் அறிகுறிகளோட மூடும் ரொம்ப ஏறி இறங்கற வியாதி. அதுக்குக் குடுக்கற மருந்துதான் பாலிபெரிடோன். மாத்திரைல இருந்து மாச ஊசிக்கு மாறியாச்சு, நான் இப்ப ஊசி கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன். ரெண்டுலயும் மருந்து ஒண்ணுதான். இந்த வியாதிக்குன்னே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ மாத்திரைக்கு 2009லயும் மாச ஊசிக்கு 2014லயும் அனுமதி குடுத்திருக்கு, அதனால எது கேக்கும் எது கேக்காதுங்கற சண்டைக்கு நான் வரல.

மாத்திரை காலைல ஒண்ணு. வழக்கமா 6 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க, 3ல இருந்து 12 வரைக்கும் டாக்டர் ஏத்தி இறக்கலாம், ஒத்துக்கலைன்னா நிறுத்தின சில நாள்ல உடம்ப விட்டுப் போயிடும். டோஸ் தேடுற ஆரம்ப காலத்துக்கு இதுதான் சரி. ஊசிக்குப் போறவங்களுக்கும் முன்னாடி இந்த மாத்திரையோ இதோட நெருங்கின சொந்தமான ரிஸ்பெரிடோன் மருந்தோ குடுத்து ஒத்துக்குதான்னு பாத்துட்டுதான் போடுவாங்க. (மலத்துல மாத்திரை அப்படியே வருதேன்னு பயப்படாதீங்க, அது வெறும் கூடு.)

என்னை ஊசி பக்கம் இழுத்தது ஒரே விஷயம்தான், சீட்டுல எழுதின டோஸும் உடம்புக்குள்ள போன டோஸும் ஒண்ணா இல்லையாங்கறது. மறுபடி குரல் கேக்க ஆரம்பிச்சு தூக்கமும் போச்சுன்னா டாக்டர் முதல்ல கேக்கறது "மாத்திரை ஒழுங்கா போடறாரா?" அவன் போட்டேன்பான், அம்மா நான்தான் குடுத்தேன்பாங்க, அட்டைலயும் கணக்கு சரியா இருக்கும், ஆனா முழுங்கினானான்னு யாரு சத்தியம் பண்றது. நடுவுல நாலஞ்சு நாள் துப்பியிருந்தா அது தெரியாம டோஸ் பத்தலைன்னு 6 போய் 9 ஆகும், 9 போய் 12 ஆகும், அப்புறம் யாராவது பக்கத்துலயே நின்னு குடுக்க ஆரம்பிச்சா 12ம் முழுசா உள்ள போயி கை நடுக்கம், ஒரு இடத்துல உக்கார முடியாத தவிப்பு, உடனே அவன் மருந்தே வேணாம்பான். அதுல அவன் மேலயும் தப்பு சொல்ல முடியல.

ஊசில தேதி நோட்டுலயே இருக்கு. முதல் நாள் 150 மில்லிகிராம், எட்டாம் நாள் 100, ரெண்டும் தோள்ல, அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு, 50ல இருந்து 150க்குள்ள. (நெட்ல 234, 156ன்னு பாத்து குழம்பாதீங்க, அதே அளவுதான், ஊசில மருந்தோட ஒட்டியிருக்கற பால்மிடேட்ங்கற பகுதியையும் அமெரிக்காவுல சேத்து எடை போடறாங்க.) மாச ஊசி தள்ளிப்போனாலும், போன ஊசில இருந்து 6 வாரத்துக்குள்ளன்னா அடுத்தத போட்டுக்கலாம், அதுக்கு மேலன்னா மறுபடி ஆரம்ப ஊசிங்க மாதிரி போட வேண்டி வரலாம், அந்தக் கணக்கு டாக்டரோடது. எல்லாம் தேதி தவறாம போட்டும் குரல் வருதுன்னா அப்ப டோஸ் நிஜமாவே பத்தலையான்னு பேச ஒரு ஆதாரம் இருக்கு.

குறை இல்லாம இல்ல. போட்டத திரும்ப எடுக்க முடியாது, ரத்தத்துல பாதியா குறையவே 25ல இருந்து 49 நாள் ஆகும். ஒரே தடவைல பெரிய தொகை வைக்கணும். வெயிட்டும், ப்ரொலாக்டின்ங்கற ஹார்மோனும் ரெண்டுலயும் ஏறலாம், ப்ரொலாக்டின் ஏறினா பெண்களுக்கு பீரியட்ஸ் தவறலாம், அந்தப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் இல்ல. மூணு மாச ஊசிக்கும் நாங்க இன்னும் போகல.

ஊசி வந்தா மாத்திரை டப்பாவ தூக்கிப் போட்டுடலாம்னும் நெனைக்காதீங்க, மூடுக்கு லித்தியம் ஓடுதுன்னா அது தினம் மாத்திரைதான். பாலிபெரிடோனும் லித்தியமும் கிட்னி வழியாதான் வெளிய போகும், அதனால ஊசி பத்தி பேசப் போறப்ப கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட்ட கையோட எடுத்துட்டுப் போங்க, லேசான குறைன்னா ஊசி அளவ குறைப்பாங்க, அதுக்கு மேல குறைஞ்சிருந்தா மாச ஊசியே வேணாம்பாங்க, அப்ப கம்மி டோஸ் மாத்திரைதான் வழி.