தோழியின் மகளை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனோம். ஏஜென்ட் எங்களை ஏமாற்றியது இப்படித்தான்

அடுத்தவர் பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக இருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது. அவர்கள் செய்ததை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் கோவையில் இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகன். 2025 மே மாதம் பாரிஸில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு என்று திட்டம். என் கல்லூரித் தோழிக்கு 11 வயதில் ஒரு மகள். பிறந்த நாளிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை, என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். தோழிக்கு அந்த மாதம் லீவு கிடைக்காது, அவள் கணவருக்கு துபாயில் வேலை. "உன்கூட அனுப்ப எனக்கென்னடி யோசனை, கூட்டிட்டுப் போ" என்றாள். அந்த நம்பிக்கையோடுதான் ஜனவரியில் அந்த ஏஜென்சிக்குப் போனோம்.

பாப்பாவுக்கு மட்டும் தனியாக 2,60,000 ரூபாய் சொன்னார்கள். அதற்கு மேல் 18,000 ரூபாய் 'கார்டியன் சர்டிபிகேட்' என்று. பெற்றோர் இல்லாமல் போகிற குழந்தைக்கு இது இல்லாவிட்டால் விசாவே வராது, நாங்களே எடுத்துத் தந்துவிடுவோம் என்றார் மேனேஜர். நானும் கட்டினேன். பிறகுதான் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு குழந்தைக்குச் சட்டப்படி கார்டியனை நியமிப்பது நீதிமன்றத்தின் வேலை, 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. பெற்றோர் இருவரும் இருக்கிற பிள்ளையைப் பத்து நாள் சுற்றுலாவுக்கு அழைத்துப் போக அது எதற்கு? தேவைப்படுவது பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சான்றோடு தருகிற சம்மதக் கடிதம். கூடவே பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் பாஸ்போர்ட் நகல்களும். அந்த 18,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது, முத்திரைத்தாளில் அடித்த அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

அந்த ஒரு பக்கத்தில்தான் பெரிய தவறு இருந்தது.

மார்ச் கடைசியில், சென்னை விசா விண்ணப்ப மையத்துக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பு, ஃபைலை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தில் தோழியின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் அவள் கணவரின் கையெழுத்தும் இருந்தது, நோட்டரி முத்திரையோடு. அவர் தீபாவளிக்குப் பிறகு இந்தியாவுக்கே வரவில்லை. தோழிக்குப் போன் செய்தேன். "அவர் எதுலயும் கையெழுத்துப் போடலையே" என்றாள். விசா விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்திலும் அதே கை. மேனேஜரிடம் கேட்டால், "பாஸ்போர்ட் காப்பில இருக்கற மாதிரியே போட்டிருக்கோம் மேடம், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு நாங்க இப்படித்தான் பண்றோம்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

போலிக் கையெழுத்து கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுக்கப்படும். அந்த மறுப்பு ஏஜென்ட் பெயரில் பதிவாகாது. ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பொதுவான விசா தகவல் அமைப்பில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஐந்து ஆண்டு இருக்கும். அவள் நாளைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் கேள்வி வரும். என் மகனுக்கு அப்படி ஆகியிருந்தால் நானே தாங்கிக்கொள்வேன். நம்பி அனுப்பியவளின் பிள்ளைக்கு ஆனால் நான் எந்த முகத்தோடு அவள் வீட்டுக்குப் போவேன்?

கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கையில் கேட்டேன், தரவில்லை. 'ஆபீஸ் காப்பி' என்று மேசை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அன்று இரவே புதுக் கடிதம் நாங்களே எழுதினோம். குழந்தையின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், யாரோடு போகிறாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்தெந்த நாடு, எந்த ஹோட்டல், பெற்றோர் இருவரின் போன் எண், எல்லாம். தோழி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: உடம்புக்கு ஏதாவது என்றால் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் எனக்கும் என் கணவருக்கும் உண்டு என்று. அந்த வரி பிறகு எங்களைக் காப்பாற்றியது. அவள் கணவர் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு கடிதத்தையும் படிவத்தையும் கூரியரில் அனுப்பினார். அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரம் தள்ளிப்போனது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். நாங்கள் முன்கூட்டியே தொடங்கியதால்தான் தப்பித்தோம்.

இந்த இடத்திலேயே ஏஜென்சியை விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். முக்கால்வாசிப் பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்றார்கள். விசா வேலையை நாங்களே செய்துகொண்டோம், மற்றதை அவர்களிடமே விட்டோம். என் தவறு அது.

விசா ஏப்ரல் 17 அன்று வந்தது. கட்டண ரசீதைப் பார்த்தால் பாப்பாவுக்கு 45 யூரோவுக்கான ரூபாய். ஜனவரியில் ஏஜென்ட் எங்களிடம் வாங்கியிருந்தது 90 யூரோ கணக்கு. 12 வயது முடிந்தவர்களுக்குத்தான் 90. ஆறு முதல் பதினொன்று வரை பாதி, ஆறுக்குக் கீழே கட்டணமே கிடையாது. இதேபோல் லூவ்ரு அருங்காட்சியகத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 22 யூரோ வாங்கியிருந்தார்கள். 18 வயதுக்குக் கீழ் எல்லாருக்கும் அங்கே இலவசம் என்பது, உள்ளே போகும் வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. தொகை சின்னதுதான். ஆனால் குழந்தை பெயரைச் சொல்லி எங்கெல்லாம் கையை நீட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாப்பாவின் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அப்பா, அம்மா பெயர் அங்கேதானே இருக்கிறது. கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார், தோழிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார், இரண்டு நிமிடம் பேசிவிட்டு முத்திரை குத்தினார். பாரிஸிலும் கேட்டார்கள். இப்படிக் கேட்பதில் எனக்கு வருத்தமே இல்லை, கேட்கத்தான் வேண்டும். பழைய கடிதம் கையில் இருந்திருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்குச் செல்லும் பாஸ் ஒன்று உண்டு, சுவிஸ் டிராவல் பாஸ். அதை வாங்குகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு 15 வயதுவரை ஃபேமிலி கார்டு என்று இலவசமாகத் தருவார்கள். அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும் என்பது விதி. சித்தி, மாமா, அம்மாவின் தோழி யாரும் கணக்கில் வரமாட்டார்கள், அந்தப் பிள்ளைக்குப் பாதிக் கட்டணத்தில் தனி பாஸ் எடுக்க வேண்டும். எங்களிடம் பாதிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். ஆனால் பாப்பாவை எங்கள் மகள் என்று பதிந்து இலவசக் கார்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த விதி தெரியாது, கார்டு இருக்கிறது என்றால் சரி என்று இருந்துவிட்டேன்.

மே 13, லூசேர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகிற ரயில். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம், ஏரி ஏரியாக வரும், பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பரிசோதகர் வந்து கார்டுகளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டும் கேட்டார். பிறகு பாப்பாவிடம் திரும்பி, "இவங்க உன் அம்மாவா?" என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, என் அம்மா கோயம்புத்தூரில் இருக்காங்க, இவங்க என் சித்தி" என்றாள் அவள். அதற்குள் நான் ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். வந்த பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "மகள்னு சொல்லிடுங்க மேடம், நம்ம பேர்ல ஃபேமிலி நேமே இல்லையே, அவங்களுக்குத் தெரியாது."

அயல்நாட்டில், அடுத்தவர் பிள்ளையை என் பிள்ளை என்று ஓர் அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள். குழந்தைக் கடத்தல் என்று ஒரு வார்த்தை எழுந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே கூட்டிப் போய் விசாரிப்பார்கள் என்பதுகூடவா இந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியாது? நான் சம்மதக் கடிதத்தை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் மரியாதையாகவே பேசினார். ஆனாலும் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. பாப்பா முகம் வாடிப்போயிற்று, "நான் சொன்னது தப்பா சித்தி?" என்று கேட்டாள். அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் தங்கம் சரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தக் கேள்வியை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை கேட்கும்படி வைத்ததற்கு அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

அடுத்த நாள் இரவு இன்டர்லாக்கனில் அவளுக்குக் காய்ச்சல் 103 டிகிரி. காது வலி தாங்காமல் அழுதாள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். எங்கள் நால்வருக்கும் பாலிசி இருந்தது, விசாவும் அதைக் காட்டித்தான் கிடைத்தது. அதில் இருந்த உதவி எண்ணுக்கு நடு இரவில் போன் செய்தேன். பாலிசி எண்ணைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "இது ஏப்ரல் 22-ஆம் தேதியே ரத்தாகிவிட்டது மேடம்" என்றார். நான்கு பாலிசியும். விசா கையில் வந்த ஐந்தாம் நாள் ஏஜென்ட் ரத்துசெய்து, பிரீமியத்தைத் தன் கணக்குக்கே திருப்பி வாங்கியிருக்கிறார். எங்களிடம் இருந்த பி.டி.எஃப் வெறும் காகிதம். நான்கு பேரின் பிரீமியம் சேர்ந்தாலும் சில ஆயிரம் ரூபாய்தான் வரும். அதற்காக.

டாக்ஸி பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கேயும் முதல் கேள்வி, நீங்கள் தாயா என்பதுதான். கடிதத்தில் சிகிச்சைக்கான அந்த வரியைக் காட்டினேன், தோழியையும் வீடியோ அழைப்பில் கொண்டுவந்தேன். இந்தியாவில் அப்போது விடியற்காலை. அவள் அழவில்லை. "டாக்டர் சொல்றதைச் செய், நீ இருக்கேல்ல" என்றாள். நடுக்காதில் தொற்று, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கைக்காசு 480 பிராங்க் போயிற்று. பணம் இருந்ததால் கட்டினோம். எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? காது சரியில்லாமல் விமானத்தில் ஏற்றலாமா என்று இரண்டு நாள் தவித்தோம். மருத்துவர் பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் 16-ஆம் தேதி கிளம்பினோம்.

ஊருக்கு வந்து கேட்டபோது, பாலிசி 'சிஸ்டம் எரர்' என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, யார் விண்ணப்பித்து ரத்தானது, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தை வாங்கினேன். அதன் பிறகு ஏஜென்சிக்காரர்கள் போனை எடுப்பதே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பலன் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய்வரை செலுத்திய விவகாரங்களுக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். போலிக் கையெழுத்துக்காக ஏஜென்சி மேல் காவல் நிலையத்தில் தோழியின் கணவர் கொடுத்தது தனிப் புகார்.

உங்களுக்கு இப்படி ஒரு பயணம் இருந்தால், காப்பீட்டை நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். ஏஜென்ட் வாங்கித் தந்தது என்றால், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பாலிசி எண்ணைச் சொல்லி, உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே போன் செய்து கேளுங்கள். குழந்தையின் அப்பா அம்மா கையெழுத்து அவர்கள் கையால் போட்டதுதானா என்று அவர்களிடமே கேளுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்தப் பிள்ளையை யாருடைய பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

பாப்பா நன்றாக இருக்கிறாள். அடுத்த முறை அம்மாவோடு அதே ரயிலில் போக வேண்டும் என்கிறாள். பணம் வருமா என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவள் அப்பாவின் போலிக் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் அவள் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கிற அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் மூன்று முறை எழுதிவிட்டேன். அது இன்னும் அவர்கள் மேசை அறையில்தான் இருக்கிறது.