குத்தகை லைனா, சொந்த வயர்கார்ட் டனலா?

மட்டக்களப்புக் கடையையும் கல்முனைக் கிளையையும் இணைக்க இரண்டு வழியையும் பாவித்துப் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்த எம்பிஎல்எஸ் விபிஎன் லைன், அதாவது நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே என் இடங்களை இணைக்கும் தனி வழி. இப்போது இரண்டு பக்கமும் சாதாரண ஃபைபர், அதன் மேல் நானே போட்ட வயர்கார்ட், அதாவது பொது இணையத்தின் ஊடாக இரண்டு ரூட்டர்களுக்கும் இடையில் டனல் என்ற மறைவழி போடும் மென்பொருள். இனித் திரும்பிப் போக மாட்டேன்.

வாடகை வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பில் ஒன்றைச் சொல்லவேண்டும்: எம்பிஎல்எஸ் உங்கள் தரவைப் பிறருடையதிலிருந்து பிரித்துத்தான் வைக்கும், பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்காது. வயர்கார்ட் மறைகுறியாக்கும். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டதால் சின்ன ரூட்டரிலும் வேகமாக ஓடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது குரல்தான். கிளையோடு கோல் பேசும்போது சொற்கள் விட்டு விட்டு வரும். லைனின் வேகம் போதவில்லை என்று நினைத்து அதைக் கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை. ஜி.711 என்ற குரல் முறையில் கோல் ஒன்று நொடிக்கு 50 பொதி (சிறு தரவுத் துண்டு) அனுப்பும். பொதி ஒவ்வொன்றிலும் வயர்கார்ட்டின் 60 பைட் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்கு நொடிக்குச் சுமார் 110 கிலோபிட்தான். இது எந்த லைனுக்கும் பாரமில்லை. காரணம் வேறு: சிசிடிவி பதிவு அப்லோட் ஆகத் தொடங்கியதும், பொதிகள் வெளியே போகக் காத்திருக்கும் ரூட்டரின் வரிசை நிரம்பிவிடும், குரல் பொதிகள் அதன் பின்னால் காத்துக்கிடக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. வரிசை நிரம்பினால் அந்தக் கணக்குத் தூரப் போய்விடும்.

நெரிசல் என் வாசலில் இருக்கிறது. குத்தகை லைன் எடுத்தபோதும் அங்கேதான் இருந்தது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரூட்டரில் கேக் என்ற வரிசை முறையைப் போட்டு, 10 மெகாபிட் அப்லோடை 9க்கு மேல் போகாமல் கட்டினேன். கொஞ்சம் குறைத்துக் கட்டினால்தான் வரிசை நிறுவனத்தின் பெட்டிக்குள் சேராமல் என் ரூட்டரில் சேரும். அங்கே கேக், கோல், சிசிடிவி என்று ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் முறை வைத்து இடம் கொடுக்கும். அன்றைக்கே கோல் தெளிந்தது. பராமரிப்பு என்று பார்த்தால் வயர்கார்ட்டின் மறைகுறிச் சாவிகளைப் பத்திரமாக வைப்பதும் ரூட்டர் மென்பொருளைப் புதுப்பிப்பதும்தான்.

எம்பிஎல்எஸ்ஸுக்கு ஒரு நியாயம் உண்டு. குரல் பொதிக்கு டிஎஸ்சிபி 46 என்று முன்னுரிமைக் குறியிட்டால், ஒப்பந்தம் இருக்கிற வரை நிறுவனம் வழி நெடுக அதை மதிக்கும். பொது இணையத்தில் அந்தக் குறிக்கு உத்தரவாதமில்லை. நான் நடத்துவது மூன்று இடங்கள் மட்டும். கொழும்பு வரை இருபது கிளை வைத்திருப்பவர் என் பேச்சை மட்டும் நம்பி லைனை வெட்டவேண்டாம்.

மூன்றாவது இடம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் களஞ்சியம். அங்கே 4ஜி மட்டும். வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரி இல்லாததால், இணைப்பை உயிரோடு வைக்க 25 செக்கனுக்கு ஒருமுறை உயிர்ப்புப் பொதி அனுப்பவிட்டிருக்கிறேன், டனல் அறாமல் இருக்கிறது. ஆனால் 4ஜியின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால் ஒரே எண்ணில் கட்டுவது சரிவரவில்லை. இரவு ஏழு மணிக்கு வருகிற ஆகக் குறைந்த வேகத்துக்கே கட்டி வைத்திருக்கிறேன். பகலில் கொஞ்சம் வேகம் வீணாகிறது, கோல் அறுவதில்லை.