தியேட்டரில் டிரம் கோர்: டிசிஐ ஒளிபரப்பை வருஷா வருஷம் பார்த்த அனுபவம்

டல்லாஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை ஸ்கூல் பேண்டில் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டின் கோடை விடுமுறையே மாறிவிடும். எங்கள் வீட்டில் மகன் டிராம்போன் எடுத்தான். அவனோடு பேண்டில் இருந்த பெரிய பையன்கள் சொல்லித்தான் டிரம் கோர் (மைதானத்தில் அணிவகுத்துக்கொண்டே வாசிக்கும் போட்டிக் குழு) என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அவர்களே அதன் சாம்பியன்ஷிப் போட்டியை ஆகஸ்டில் தியேட்டரில் நேரடியாகப் போடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். 2014-ல் முதல்முறை போனோம். மகன் காலேஜ் போன பிறகும் நானும் என் மனைவியும் போவதை விடவில்லை. இத்தனை வருஷம் பார்த்ததில் எது நன்றாக இருக்கிறது, எது ஏமாற்றம் தருகிறது, யார் போகலாம் என்று தமிழில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. டிசிஐ என்கிற டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் நடந்தது. 2009 முதல் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்தான் அதற்கு வீடு. பெரிய கோர் ஒன்றில் 150-க்கும் மேல் பிள்ளைகள், பெரும்பாலும் காலேஜ் வயசு. 22 ஆகிவிட்டால் அதோடு முடிந்தது. ஊதுவதில் பித்தளை வாத்தியம் மட்டும்தான், கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. ஓடிக்கொண்டே அடிக்கும் டிரம் லைன், மைதான ஓரத்தில் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன், மின்னணுக் கீபோர்டான சின்த் வைத்திருக்கும் பிட், கொடியும் மர ரைஃபிளும் வீசும் கலர் கார்டு, எல்லாம் சேர்ந்து 11, 12 நிமிஷத்துக்கு ஒரு ஷோ. அந்த 12 நிமிஷத்துக்காக இந்தப் பிள்ளைகள் சில ஆயிரம் டாலர் தாங்களே கட்டி, கோடை முழுக்க பஸ்ஸிலும் ஸ்கூல் ஜிம் தரையிலும் தூங்கி, கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் திரையில் தெரிகிற அந்த முகங்கள் புரியும்.

தியேட்டர் ஒளிபரப்பு 2004-ல் தொடங்கியது. அந்த வருஷம் சாம்பியன்ஷிப் டென்வரில் நடந்தது, அதன் காலிறுதிச் சுற்றைத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். 'பிக், லவுட் அண்ட் லைவ்' என்ற பெயரில், ஃபேத்தம் ஈவென்ட்ஸ் விநியோகத்தில் ஊர் ஊராக வந்தது. 2020-ல் கொரோனாவால் சீசனே இல்லை. 2021-ல் போட்டியில்லாமல் ஒரு விழா மாதிரி நடத்தினார்கள். 2022-ல் பழையபடி போட்டி திரும்பியது. இப்போது காட்டுவது சாம்பியன்ஷிப் வாரத்தின் வியாழக்கிழமை முதல் சுற்றை. அன்றைக்குக் காலையிலிருந்தே கோர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள், தியேட்டரில் வருவது கடைசியாக ஆடும் முன்னணிக் கோர்கள் மட்டும். எங்கள் நேரப்படி மாலை ஐந்தரை வாக்கில் ஆரம்பித்தால் இடைவேளையெல்லாம் சேர்த்து முடிய நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். சாதாரண சினிமா டிக்கெட்டைவிட விலை கொஞ்சம் கூடுதல். ஒரு தடவைகூட எனக்கு அந்தக் காசு வீணாகத் தோன்றவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிரம் கோர் ஷோ என்பது உயரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்தது. ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் உட்கார்ந்தால்தான் வட்டம் எப்படிச் சதுரமாகிறது, இரண்டு கூட்டம் எப்படி ஒன்றை ஒன்று ஊடுருவிப் போகிறது என்பதெல்லாம் தெரியும். தியேட்டரில் நீங்கள் பார்ப்பதோ வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் காட்சி. பல காமிராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் மல்டி கேம் ஒளிபரப்பு என்பதால் நொடிக்கு நொடி காமிரா மாறும். இதனால் கிடைப்பதும் நிறைய, கைவிட்டுப் போவதும் நிறைய.

போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஃப்ரன்ட் என்று ஒரு வடிவம் உண்டு. ஒட்டுமொத்த ஹார்ன் லைனும் (பித்தளை வாத்தியம் ஊதுபவர்கள்) ஒரே கோட்டில், மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நின்று, முழு சத்தத்தோடு நம்மை நோக்கி நடந்து வரும். ஸ்டேடியத்தில் அந்த இடத்தில் ஜனம் தானாக எழுந்து நிற்கும். சான் அன்டோனியோ அலமோடோமில் ஜூலையில் நடக்கும் போட்டிக்குப் பல தடவை போயிருக்கிறேன், அந்தக் கோடு நேராகும் அரை நொடிக்காகவே போகலாம். தியேட்டரில் சரியாக அந்த அரை நொடியில் ஒரு டிரம்பட் பையனின் முகத்தையோ கார்டு பெண்ணின் சிரிப்பையோ காட்டிவிட்டால் மனசு பதறிப்போகும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் "அய்யோ" என்கிற மாதிரி சத்தம் போடுவார்கள், அதை வருஷத்துக்கு ஓரிரு தடவையாவது கேட்டுவிடலாம். மைதானத்தில் வடிவங்கள் மாறும் டிரில்லை முழுக்கப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு தியேட்டர் சரிப்பட்டு வராது. ஃப்ளோமார்ச்சிங் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில், உயரத்திலிருந்து முழு மைதானத்தையும் காட்டும் ஹை கேம் போட்டுக்கொண்டு வீட்டில் பார்ப்பதுதான் அவர்களுக்கு நல்லது.

கிடைப்பதைச் சொன்னால் இந்தக் குறையை மறந்துவிடுவீர்கள். நாற்பதடி அகலத் திரையில் ஸ்னேர் லைனை முழங்கால் உயரத்திலிருந்து காட்டும்போது, எட்டொன்பது பேரின் குச்சி முனைகளும் ஒரே உயரத்துக்கு எழும்பி ஒரே உயரத்தில் திரும்புவதைக் கண்ணால் அளக்கலாம். டெனர் டிரம் அடிப்பவரின் விரலில் சுற்றிய டேப் ஓரத்தில் அழுக்கேறிப் பிரிந்திருப்பது தெரியும். ஒரு நீளமான ஃபிரேஸ் முடிந்து டூபாவை இறக்கும் பெண்ணின் உதட்டைச் சுற்றி மவுத்பீஸ் வட்டமாகப் பதிந்த சிவப்புத் தடமும், அவள் அடுத்த எட்டு கவுன்ட்டுக்குள் மூச்சை மீட்க வேண்டும் என்பதால் மூக்கு விடைப்பதும் தெரியும். ரைஃபிள் வீசும்போது காமிரா மேலே போகாமல் கீழே கையிலேயே நின்றால் இன்னும் நல்லது: கை தயாராகத் திறந்து காத்திருக்கும், கட்டை விழும், விரல் மூடும், உடம்பு அசையாது. லூகாஸ் ஆயிலில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தாலும் இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்காது. பெற்றோராகப் பார்க்கும்போது வேறொன்றும் புரிந்தது: ஸ்டாண்டிலிருந்து பார்க்கையில் ஒரு புள்ளியாகத் தெரியும் பிள்ளை உண்மையில் எவ்வளவு உழைக்கிறது என்பது. மகன் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்ததற்கெல்லாம் எனக்கு அங்கேதான் அர்த்தம் கிடைத்தது.

2016-ல் ஒஹாயோவின் ப்ளூகோட்ஸ் கோர் 'டவுன் சைட் அப்' ஷோ செய்தபோது மைதானத்தில் பெரிய பெரிய சரிவு மேடைகளை நிறுத்தியிருந்தார்கள். தொப்பியில்லாமல், வழக்கமான ராணுவ பாணி உடுப்பு இல்லாமல், சரிவில் ஏறுவதும் வழுக்கி இறங்குவதுமாக ஆடினார்கள். அதை மேலிருந்து வீடியோவில் பிறகு பார்த்தபோது வடிவம்தான் கண்ணில் பட்டது. தியேட்டரில் பார்த்தபோதோ அந்தச் சரிவில் கால் ஊன்றும் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அவர்கள் முதல்முறையாகப் பட்டம் வென்றார்கள். 2018-ல் சாண்டா கிளாரா வேன்கார்டு கோரின் 'பாபிலோன்' ஷோ இன்னொரு உதாரணம். 1999-க்குப் பிறகு அவர்களுக்கு வந்த முதல் பட்டம் அது. அந்த டிரம் லைனைப் பெரிய திரையில் பக்கத்தில் பார்த்த மகன் அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையைத் தட்ட ஆரம்பித்தவன், பல மாதம் நிறுத்தவேயில்லை.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது கெட்டது இரண்டுமே அங்கேதான் அதிகம். மைதானத்தின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு சுமார் 49 மீட்டர். பின்னால் அடிக்கும் டிரம் சத்தம் முன்னால் வந்து சேர ஏழில் ஒரு பங்கு வினாடி ஆகும், வேகமான டெம்போவில் அதற்குள் பதினாறாம் நோட்டில் (ஒரு தட்டை நாலாகப் பிரித்ததில் ஒரு பங்கு) ஒன்றரை போய்விடும். அதனால்தான் முன்னால் இருக்கும் பிட், தாளம் காட்டி நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்காமல், பின்னாலிருந்து வரும் டிரம் லைனைக் காதால் கேட்டு அதோடு சேர்கிறார்கள். ஸ்டேடியத்தில் இந்த ஒட்டும் வேலை சரியாக நடந்தால் எல்லாம் ஒரே ஒலியாக நம்மிடம் வரும். லூகாஸ் ஆயில் மாதிரி மூடிய ஸ்டேடியத்தின் எதிரொலி அதைக் கொஞ்சம் குழப்பவும் செய்யும். தியேட்டரில் மைக்கின் ஒலி வருவதால் எதிரொலி குறைவு, தெளிவு அதிகம். ஒரு மரிம்பா நோட்டுகூட தப்பாது. ஆனால் பிட் மைக்கை ஒட்டியே இருப்பதால் சில கோர்களில் பிட் முன்னாலும் ஹார்ன்கள் பக்கத்து அறையிலும் இருப்பதுபோல ஆகிவிடும். பித்தளை முழு வீச்சில் ஊதும் இடங்களில் ஒலி ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் அமுங்கிவிடுவதும் உண்டு. திருவிழாவில் தவிலுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சில் இடிக்கும். ஹார்ன் லைனின் அந்த இடியை எந்த தியேட்டரும் தந்ததில்லை. தாழ்ந்த சுருதி ஒலியான பேஸ் மட்டும் விதிவிலக்கு. 2014 ப்ளூகோட்ஸ் 'டில்ட்' ஷோவில் மொத்த ஒலியும் சுருதி வழுக்கிக் கீழே இறங்கும் ஓர் இடம் உண்டு. அன்று எங்கள் தியேட்டர் சப்வூஃபரில் நாற்காலியே அதிர்ந்தது, ஹால் முழுக்க ஒரு நொடி அமைதியாகி அப்புறம் கத்தியது.

தியேட்டருக்குத் தியேட்டர் வித்தியாசம் நிறைய. ஒரு வருஷம் நாங்கள் போன இடத்தில் வால்யூமை ஏதோ பேச்சு நிகழ்ச்சிக்கு வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். முதல் கோர் முடிந்ததும் வெளியே போய் மேனேஜரிடம் சொன்னதும் ஏற்றிவிட்டார். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஹாலில் எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு யாராவது போக மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு வருஷம் வேறொரு தியேட்டரில் ஒரு கோரின் நடுவில் சிக்னல் போய்த் திரை உறைந்துவிட்டது, திரும்பி வந்தபோது அவர்கள் சாமான்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பிறகு வரச்சொல்லி இலவச டிக்கெட் கொடுத்தார்கள், அந்த ஷோவை யார் தருவார்கள்? நேரடி ஒளிபரப்பில் இந்த அபாயம் இருக்கவே செய்கிறது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். வீட்டு சோபாவில் கிடைக்காதது இதுதான். பக்கத்து ஸ்கூல்களின் பேண்ட் பிள்ளைகள் டைரக்டரோடு வரிசை வரிசையாக வருவார்கள். 70-களில் ஏதோ ஒரு கோரில் ஊதிய தாத்தா பழைய ஜாக்கெட்டோடு தனியாக வந்து உட்கார்ந்திருப்பார், இடைவேளையில் பேச்சுக் கொடுத்தால் அந்தக் காலத்தில் ஊதிய பியூகிள் என்ற பித்தளைக் கொம்பு எப்படி இருந்தது என்று ஆரம்பித்து நிறுத்தவே மாட்டார். மைக், சின்த் எல்லாம் வந்தது பிடிக்காதவர்கள் உண்டு, அதைத்தான் பிடிக்கும் என்கிற பிள்ளைகளும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே இடத்தில் கைதட்டும். மெதுவான ஸ்லோ பகுதி ஓடும்போது பாப்கார்ன் பை சத்தம்கூட வராது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பின்வரிசைகளில் நடு இடமாகப் பாருங்கள், முன்வரிசையில் மாறி மாறி வரும் குளோசப்பில் தலை சுற்றும். ஸ்வெட்டர் கட்டாயம், ஐந்து மணி நேர ஏசி சும்மா இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கடைசி நாலைந்து கோர்களுக்கு விழித்திருக்கும்படி மதியமே தூங்க வைத்துவிடுங்கள், ஏனென்றால் தரவரிசையில் மேலே இருப்பவர்கள் கடைசியில்தான் வருவார்கள்.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. தியேட்டரில் வருவது வியாழக்கிழமை மட்டும். வெள்ளி அரையிறுதி, சனி இறுதி, அதிலும் 12 கோர்கள்தான். மார்க்கில் ஜெனரல் எஃபெக்ட் (ஷோவின் மொத்தத் தாக்கம்) 40, விஷுவல் 30, மியூசிக் 30 என்று நூற்றுக்குப் போடுவதில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களில்தான் எல்லாம் தீர்மானமாகும். 2008-ல் அந்த வாரத் தொடக்கத்தில் பின்தங்கியிருந்த ஃபாண்டம் ரெஜிமென்ட் கோர், ரோமாபுரியை எதிர்த்த அடிமை வீரன் ஸ்பார்டகஸ் கதையை வைத்துச் செய்த ஷோவோடு சனிக்கிழமை ப்ளூ டெவில்ஸை வெறும் 0.025-ல் தாண்டிப் பட்டம் வென்றது. அப்படிப்பட்ட ஒரு இரவைப் பெரிய திரையில், அந்தக் கூட்டத்தோடு பார்க்க வேண்டும். 22 வயசாகி இனி ஆட முடியாத பிள்ளைகள் கடைசி நோட்டை ஊதும் முகம் சனிக்கிழமைதான் வரும். சனிக்கிழமையையும் தியேட்டருக்கு அனுப்புங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் டிசிஐக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த வருஷமும் எழுதுவேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் நீங்களும் எழுதுங்கள்.