பஃபலோ பில்லா, ஜான் வெய்னா: எந்த வின்செஸ்டர் 94?

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்பனைக்கு வரும் இடங்களில், 'நினைவுப் பதிப்பு' என்ற பெயரில் பளபளக்கும் வின்செஸ்டர் 94 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களுக்கு (விசைக்கு அடியில் உள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயாராகும்) பஞ்சமே இல்லை. வாங்குபவரை அதிகம் குழப்புபவை இரண்டு: காட்டெருமை வேட்டைக்காரர் பஃபலோ பில் பெயரில் 1968-இல் வந்தது, கௌபாய் பட நடிகர் ஜான் வெய்ன் பெயரில் 1981-இல் வந்தது.

பஃபலோ பில் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஜான் வெய்ன் ஏறக்குறைய 50,000. இதையும் 'அரிய பொருள்' என்று விளம்பரம் போடுகிறார்கள்! சேகரிக்கவென்றே செய்த பொருள் என்பதால், வாங்கியவர்களில் பலர் ஒரு குண்டுகூடச் சுடாமல் பெட்டியோடு பத்திரப்படுத்திவிட்டார்கள். அதனால் புத்தம் புதிதாக இருப்பவையே இன்றும் ஏராளம்.

எடுத்துச் சுட வேண்டும் என்றால் பஃபலோ பில்தான். எண்கோணக் குழல் பார்க்கவும் அழகு, அதற்கான .30-30 அளவுத் தோட்டா அங்கே சர்வசாதாரணமாகக் கிடைக்கும். விலையும் சாதாரண 94-ஐவிடப் பெரிதாக எகிறுவதில்லை. ஜான் வெய்னுக்கு .32-40 தோட்டா. 1894-இல் இந்த மாடல் பிறந்தபோதே இருந்த பழைய அளவு அது. இன்று தேடி அலைய வேண்டும். ஆனால் அலமாரியில் வைத்துப் பார்க்க அதற்கு ஈடில்லை. ஈயச் சாம்பல் நிற ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடு உலோகப் பகுதி), அதில் செதுக்கு வேலை, கை முழுவதும் நுழையும் பெரிய வளைய லீவர். வந்தபோதே 600 டாலர். இன்றும் பஃபலோ பில்லைவிடக் கூடுதல் விலைக்குத்தான் போகிறது.

ஒரு வேடிக்கை. 1939-இன் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் வெய்ன் சுழற்றியது 94 அல்ல, வின்செஸ்டர் 1892. பஃபலோ பில் கதையும் அப்படித்தான்: ரயில்வே ஆட்களின் சாப்பாட்டுக்காக அவர் காட்டெருமை சுட்டது 1860-களில். அப்போது 94 ஏது?

எதை எடுத்தாலும் முதலில் ஹேமரின் (பின்புறம் இருக்கும், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) மேல்முனையைப் பாருங்கள். லீவரை இறக்கும்போது போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் உலோகத் துண்டு) பின்னால் நகர்ந்து ஹேமரை அழுத்திக்கொண்டு போகும். நாலு தடவை ஆட்டினாலே மெல்லிய கோடு விழுந்துவிடும். 'சுடாதது' என்று விற்பவர் சொன்னாலும் கடைக்கு வந்தவர் எல்லாம் ஆட்டிப் பார்த்திருப்பார்கள். ரிசீவரின் முலாமில் துருப்புள்ளி இருந்தால் தொடாதீர்கள். 1964-க்குப் பிறகு வின்செஸ்டர் மாற்றிய ரிசீவர் உலோகம் துருவைத் தடுக்கும் வழக்கமான நீலப் பூச்சுக்கு எளிதில் மசியாது, சரிசெய்வது பெரும்பாடு. பெட்டி, அட்டை உறை, காகிதங்கள் இல்லாவிட்டால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், அதே பணத்துக்கு எந்த அலங்காரமும் இல்லாத, 1964-க்கு முந்தைய 94 கிடைக்குமா என்று முதலில் பார்ப்பேன். நினைவுப் பதிப்புதான் வேண்டும் என்றால் ஜான் வெய்ன், அதுவும் பெட்டியோடு. எண்ணிக்கையில் உண்மையிலேயே குறைவானது வேண்டும் என்பவர்களுக்கு 1964-இன் வயோமிங் மாநில வைர விழாப் பதிப்பு இருக்கிறது. மொத்தமே சுமார் 1,500தான்.