கன்னோஜ் மண் அத்தர்: வாசனை அருமை, குப்பியைச் சோதித்து வாங்குங்கள்

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வாங்கப் போகிறவர்கள் ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றையும் முகர்ந்து பாருங்கள், ஆனால் கையில் இருக்கும் பணத்தை மிட்டி அத்தர் என்கிற மண் அத்தருக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. காய்ந்த தரையில் முதல் மழை விழும்போது வருகிற அதே வாசனை. 1964இல் மழை மணத்தைப் பற்றி நேச்சர் இதழில் எழுதிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர்கூட உத்தரப் பிரதேசத்து மண் அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வாங்கியது பெரிய பஜாரில் ஒரு பழைய கடையில். பின்கட்டிலேயே காய்ச்சுகிறார்கள், கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். சுட்ட மண் ஓடுகளை உடைத்துத் தண்ணீரோடு ‘தேக்’ என்கிற செம்புப் பானையில் போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் குழைத்துப் பூசி அடைத்து, விறகும் வறட்டியும் வைத்து எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும் ‘பப்கா’ என்கிற செம்புக் குடுவைக்குள் இறங்குகிறது, அதில் முன்கூட்டியே ஊற்றி வைத்த சந்தன எண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்கிறது. தெர்மாமீட்டர் கிடையாது. பெரியவர் ஒருவர் தொட்டிக்குள் கையை விட்டு பப்காவைத் தடவிப் பார்க்கிறார், சூடு ஏறியிருந்தால் ஈரத்துணியால் தேக்கைத் துடைக்கிறார், அவ்வளவுதான்.

சந்தனம் விலை ஏறிப்போனதால் பலரும் லிக்விட் பாரஃபின் என்கிற கனிம எண்ணெயில் இறக்குகிறார்கள். இரண்டையும் கேட்டு வாங்கி, ஒரு மணிக்கட்டில் ஒன்றும் மறு மணிக்கட்டில் மற்றதுமாக ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்து முகருங்கள். சந்தனத்தில் இறக்கியது சாயங்காலமும் மண்ணாகவே மணந்தது, மற்றது வெறும் எண்ணெய்ப் பிசுக்காக நின்றது. விலை வித்தியாசம் அதிகம்தான், சின்ன அளவாக வாங்கினாலும் சந்தனத்திலேயே வாங்குங்கள்.

அப்புறம் குப்பி. ஃபிரோசாபாத் கண்ணாடி, வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். பொன்பூச்சுப் பூப்போட்ட நீளக் கழுத்து குப்பியில் ஊற்றித் தந்தார்கள், ரயிலிலேயே பையெல்லாம் கசிந்துவிட்டது. போன் செய்தால் ‘அது அலங்காரத்துக்கு ஜி’ என்கிறார்கள். இத்தனை உழைப்பில் இறக்கிய சரக்கை இப்படிக் கொடுக்கலாமா? அச்சில் வார்த்த கண்ணாடி மூடி கழுத்தில் தானாக உட்காராது, பொடி போட்டு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும், அதனால் ஒரு குப்பியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. மூடியைத் திருகிப் பாருங்கள்: தேய்த்த இடம் சுற்றிலும் ஒரே சீராகப் பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருக்க வேண்டும், ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது. பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், வாசனையைக் குடித்துவிடும்.

அத்தருக்கு ஐந்துக்கு ஐந்து, குப்பிக்கு ஒன்று. சாதாரணக் கட்டைக் கழுத்து குப்பியும் அதே கடையில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.