நிலவின் கறை: கண்ணாடியா, அடர்த்தியா?

இடைக்கால அறிஞர்களுக்கு நிலா வானுலகப் பொருள். அதில் மாசு இருக்கலாகாது. சரி, அப்படியானால் அந்தக் கறை? அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுபவர்கள் கண்ணாடி, அடர்த்தி என்ற இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

என்ன சொல்கிறது?
கண்ணாடி: நிலா பளபளப்பானது, பூமியின் கடலும் மலையும் அதில் தெரிகின்றன.
அடர்த்தி: நிலாவின் சில பகுதிகள் மற்றவற்றைவிட அடர்த்தி குறைந்தவை, அவைதான் கறையாகத் தெரிகின்றன.

எங்கே இடிக்கிறது?
கண்ணாடி: நிலா நகர நகரப் பிம்பமும் மாற வேண்டும், கறையோ மாறுவதில்லை. 11ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் கண்ணாடிக் கருத்தை மறுத்துவிட்டார்.
அடர்த்தி: அரபுத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து ஏற்ற கருத்து. இத்தாலியக் கவிஞர் தாந்தேயும் முதலில் நம்பினார். பிறகு தன் காவியத்தில் வானுலகில் வழிகாட்டும் காதலி பெயத்ரீசின் வாயால் தானே உடைத்தார்: அடர்த்திக் குறைவு மறுபக்கம் வரை இருந்தால், சூரிய கிரகணத்தின்போது ஒளி ஊடுருவி வருமே! எனக்குப் பிடித்த வாதம் இது.

புரிவது எளிதா?
கண்ணாடி: உடனே.
அடர்த்தி: கொஞ்சம் அரிஸ்டாட்டில் தெரிய வேண்டும்.

பல்கலைக்கழக ஆசிரியர் பேசினால் அடர்த்தி. அரைகுறையாகக் கேட்டு அளக்கும் அரசவைக்காரருக்குக் கண்ணாடி போதும். ஐரோப்பிய உழவருக்கு இரண்டும் வேண்டாம். அவருக்கு நிலாவில் தெரிவது முள்சுமை தூக்கிய ஆள்.