கொழுப்பு காட்டும் எடை மெஷினும் 30 ரூபாய் தையல் டேப்பும்

ஆறு மாதமாக இரண்டையும் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். ஒன்று, வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்புக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போனில் காட்டும் எடை மெஷின், 1,400 ரூபாய். இன்னொன்று, நாமக்கல்லில் தையல் சாமான் கடையில் வாங்கிய டேப், 30 ரூபாய். என்னைப் போலப் பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்து இப்போது இருபதுகளில் இருப்பவர்கள் டேப்பை வாங்குங்கள்.

காரணம் புரிய என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007-ல், ஏழு வயதில் எனக்கு ஏஆர்டி, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆரம்பித்தார்கள். அப்போது கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ஸ்டாவுடின். நான் இன்று உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் உடம்பின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து, கன்னத்திலும் கைகாலிலும் உள்ள கொழுப்பை அது கரைத்துவிடும். 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. எனக்கு மாற்றும்போது வயது பன்னிரண்டு. ஒட்டிய கன்னம் ஒட்டியபடியே நின்றுவிட்டது, கால் இன்றும் குச்சிதான்.

2021-ல் மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரைக்கு மாற்றினார்கள். நாளுக்கு ஒன்று, தொந்தரவே இல்லை. அதில் இருக்கும் டோலுடெக்ராவிர் சிலருக்கு எடையைக் கூட்டும். 58 கிலோ இருந்தவன் ஒன்றரை வருடத்தில் 69 ஆனேன். அம்மாயிக்கு அவ்வளவு சந்தோஷம். "இப்பத்தான் கண்ணு உடம்பு தேறியிருக்குது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். என் அம்மா எலும்பும் தோலுமாகப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். எங்கள் வீட்டில் சதை போட்டால் பிழைத்துக்கொள்வான் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நம்பினேன். லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், காலையில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பேன்.

மெஷினும் அதையேதான் சொன்னது. கொழுப்பு 18 சதவீதம், பச்சை எழுத்தில் 'நார்மல்'. அதே மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 106, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 218, இரண்டும் அதிகம்; நல்ல கொழுப்பு 34, அது குறைவு. வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, மட்டும் கண்டறிய முடியாத அளவில் அருமையாக இருந்தது. ஏஆர்டி சென்டர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். 95 செ.மீ. நம் பக்கத்து ஆண்களுக்கு 90-க்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம்.

ஏன் மெஷின் ஏமாந்தது? அது ஒரு பாதத்தில் இருந்து மறு பாதத்துக்கு மெல்லிய மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது. அது பெரும்பாலும் கால்கள் வழியே போகிறது. வயிற்றில் சேர்ந்ததை அதனால் நேராக அளக்க முடியாது, வயதையும் உயரத்தையும் எடையையும் வைத்து மீதியைக் கணித்துக்கொள்கிறது. காலில் கொழுப்பு கரைந்து வயிற்றில் சேர்ந்த என் மாதிரி உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண், ராத்திரி ஏறினால் வேறு எண். எடையை மட்டும் சரியாகக் காட்டுகிறது, அதற்கு 1,400 ரூபாய் அதிகம்.

டேப்பில் அளக்கும் இடம் முக்கியம். பேன்ட் சைஸை நம்பாதீர்கள், நாமெல்லாம் தொப்பைக்குக் கீழே கட்டுகிறவர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபிறகு பார்க்க வேண்டும். துணி டேப் நாளாக நாளாக இழுபடும். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு ஒத்துப்பாருங்கள்.

ராத்திரி சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பயறும் முட்டையும் சேர்த்தேன், நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்! தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எடை 67-தான் ஆகியிருக்கிறது. இடுப்பு 90-க்கு வந்துவிட்டது. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் ரெண்டே கிலோதானா என்று நடையை நிறுத்தியிருப்பேன்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். எடை கூடுகிறது என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வைரஸ் திரும்பினால் இதயத்துக்கும் சேர்த்துத்தான் கெடுதல். அப்புறம், சர்க்கரைக்கு வெளியில் டாக்டரைப் பார்த்தால் டிஎல்டி சாப்பிடுவதை மறைக்காதீர்கள். டோலுடெக்ராவிர், சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினின் அளவை உடம்பில் உயர்த்தும் என்பதால் மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மி.கி.க்குள் வைப்பார்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் ஏஆர்டி சென்டரிலேயே கேளுங்கள்.

டேப் வாங்கும்போது ஒரு பக்கமாவது செ.மீ. அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வாங்கியதில் இரண்டு பக்கமும் இஞ்ச்தான், அடுத்த நாள் போய் மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை.